எதிர்ப்பக்கம் மடிச்ச இலை

லண்டன், 13.11.2003

அன்புள்ள அம்மாவுக்கு அருண்பாண்டி எழுதுறது. தங்கச்சி முத்துமீனா, அம்மாவுக்கு இதை அவசரப்படாம வாசிச்சுக் காட்டு. நான் நல்லா இருக்கேன். அம்மா, முழங்கால் வலி தேவலையா? நேரத்துக்குச் சாப்பிடு.

நேத்து நீங்க திருமங்கலத்து வீட்டுல அப்பாவுக்குக் கருமாதி செஞ்சப்ப, நான் ஒரு பெரிய ஓட்டல்ல இருந்தேன். கூட வேலை பார்க்கிற டெஸ்மண்ட் கூட்டிட்டுப் போனான். ஜமைக்கா தீவுக்காரன். கருமாதிக்கு ஊருக்கு வர எனக்கு லீவு கிடைக்கலைன்னு தெரிஞ்சதும், "இன்னைக்கு ஒத்தையில இருக்காதே, வா"ன்னான். அவங்க ஊர்ச் சாப்பாடு போடுற ஓட்டல். சுவரெல்லாம் கிளிப்பச்சை, மேசைக்கு மேசை பூ. நான் கறி வேண்டாம்னுட்டேன். தேங்காய்ப்பால் சோறும் பயறும் வந்துச்சு. எதுல தெரியுமா? வாழை இலையில! எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

சாப்பிட்டு முடிச்சதும் என் கை தானா இலையை எதிர்ப்பக்கமா மடிச்சிருச்சு, எழவு வீட்டுப் பந்தியில மடிக்கிற மாதிரி. பரிமாறின பொண்ணு, "சாப்பாடு பிடிக்கலையா?"ன்னு பதறிருச்சு. டெஸ்மண்ட் என் மூஞ்சியைப் பார்த்தான். தன் இலையையும் அதே மாதிரி மடிச்சான்.

வேற விசேஷம் இல்ல. ஊறுகாய் அனுப்ப வேண்டாம், இங்கேயே கிடைக்குது. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன்.

கருமாதியில என் தலையில கட்டுறதுக்குன்னு மாமா எடுத்த உருமாத் துண்டை வேற யாருக்கும் கட்டலைன்னா, அதை மட்டும் பார்சல்ல அனுப்பும்மா. இங்க குளிரு அதிகம். நானே கட்டிக்கிருவேன்.

அருண்பாண்டி