ஒரு சொட்டு ஓடி முடிய

இன்று செந்துறை வீட்டில் அண்ணி வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தார். கத்தியை எடுத்தபோது அதன் பின்னாலேயே கொழகொழவென்று ஒரு நூல் நீண்டு, அறுந்து, சட்டென்று சுருங்கிப் பலகைக்கே திரும்பியது. எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வந்து உனக்கு எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்று தெரியும். தெரிந்தால் மட்டும் கை நிற்கிறதா?

பெரம்பலூர் கல்லூரியில் எம்.ஃபில். செய்தபோது நம் இருவருக்கும் சேர்த்து ஒரே மைக்ராஸ்கோப், முடியளவு துளையுள்ள சில கண்ணாடிக் குழாய்கள், அவ்வளவுதான். கொழகொழக் கரைசலுக்கான பாலிமர் தூள் வந்து சேரும்வரை அதற்குப் பதிலாக வெண்டைச் சாற்றை உன் துப்பட்டாவில்தான் வடிகட்டினோம். கஞ்சி கொட்டிவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொள்வாய். ஓடும்போது பொடி மணிகள் எங்கே ஒதுங்குகின்றன என்று பார்ப்பதுதான் நம் ஆய்வு. தண்ணீரோடு விட்டவை குழாய் முழுக்கச் சிதறிப் போயின. கொழகொழப்பில் விட்டவை ஓட ஓட நடுவுக்கு ஒதுங்கின, அதிலும் பெரியவை முதலில். "சுவரோரம் ரொம்ப இழுபடுதுல்ல, அந்த இழுப்புதான் மணிய நடுவுக்குத் தள்ளுது. எத்தன தடவடீ சொல்றது" என்று தலையில் குட்டுவாய்.

அப்புறம் உனக்கு ரத்தப் புற்று என்றார்கள். திருச்சியில் கையை விரித்து, லப்பைக்குடிக்காட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கெட்டுப்போன வெள்ளையணு சிவப்பணுவைவிடப் பெரியது, குழாயில் விட்டால் அதுதான் நடுவுக்கு வரும், தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம் என்று உன் கட்டிலருகே உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினேன். நீ சிரித்தாய்.

"அடி லூசு. ஒரு சொட்டு ஓடவே அரை நாளாவும். உடம்பு பூரா ஓட்டி முடிக்கிறதுக்குள்ள நான் கெழவி ஆயிடுவேன்."

"ஆவு. அதுதான் எனக்கு வேணும்" என்றேன்.

அதற்குமேல் உனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பவுண்டரை வரச்சொல்லி, ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாய்.

மறுநாள் காலை அந்த ரத்தத்தைக் கரைசலில் கலந்து குழாயில் விட்டேன். பிரிந்தது. நடுவில் வெள்ளையணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, சிவப்பு ஓரத்திலேயே தங்கியது. உனக்குச் சொல்ல ஓடவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பைத்தியம் பிடித்தவள் மாதிரி, குழாயில் மாட்டிய ஊசியை அழுத்திக்கொண்டே இருந்தேன். வேகத்தைக் கூட்டினால் வரிசை கலைந்தது, குறைத்தால் பொழுது போயிற்று. இந்தச் சொட்டை முடித்துவிட்டால் உன்னை மீட்டுவிடலாம் என்று படித்த என் புத்தி நம்பியது.

மதியம் உன் அண்ணன் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி மவுத்தாயிட்டாம்மா. அடக்கத்துக்கு முன்ன ஒருதரம் மொகத்தப் பாத்துடு, வா."

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருங்கண்ணே, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு" என்றேன்.

இத்தனை வருடம் கழித்தும், யாராவது உன் பேச்சை எடுத்து, போனவள் போய்விட்டாள், மனசைத் தேற்றிக்கொள் என்றால், என் வாயில் முதலில் வருவது அன்று உன் அண்ணனிடம் சொன்னதுதான்.