பக்கத்து வீட்டுச் சுவர்

கொட்டாஞ்சேனை,
பெப்ரவரி 2009

மகனுக்கு,

எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரை உன் கம்பனிக்காரர் நீங்கள் பூமியின் ஆழத்துக்குள் அழுத்தி இறக்கத் தொடங்கிய பிறகுதான் டெக்சசில் உங்கள் ஊர் ஓயாமல் நடுங்குகிறது. "தொட்டில் மாதிரித்தானப்பா ஆடுது" என்று டெலிபோனில் சிரித்தாய். சுவர் வெடித்துப்போன பக்கத்து வீட்டுக் கிழவியிடம், "எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொன்னாயாம்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். லைப்ரரியில் இருந்து வாசித்து எனக்கே விளங்கிவிட்டது. உனக்கு விளங்காதா?

வெள்ளை வான் வண்டியில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டுபோன உன் தம்பியைக் கேட்டு அம்மாவும் நானும் ஏறி இறங்கும் ஆமி முகாம்களிலும் அதே வசனம்தான். சொல்பவனுக்கும் உன் வயதுதான் இருக்கும்.

பயமில்லாமல் இருக்கலாம், வாருங்கள் என்கிறாய். வரமாட்டோம். நீ போய் அந்தக் கிழவியின் கதவைத் தட்டி உண்மையைச் சொல். எங்கள் கதவை அப்படி யாரும் தட்டப்போவதில்லை.

அப்பா