அந்தோணியார் பெட்டிக்குள் போன என் கடிதம்

அனுப்புநர்:
ஆ. பிளசி,
க/பெ. ஆரோக்கிய பிரவீன் (தரைப்படை வீரர்),
சூசையப்பர் கொட்டாய்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: எல்லையிலிருந்து என் கணவர் எழுதிய கடிதம் கோயில் விண்ணப்பப் பெட்டியில் போடப்பட்டது – உடனே மீட்டுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர் நலமாக இருக்கிறார்! புகார் மனுவை இப்படித் தொடங்கக் கூடாது என்று அறிவேன். இதை முதலில் எழுதாமல் எனக்குக் கை ஓடவில்லை, மன்னிக்கவும்.

1. எல்லையில் சண்டை மூண்டதும் அவரது முகாமில் போன் பேசத் தடை விதித்துவிட்டார்கள். திருமணமானதிலிருந்து, அவர் லீவில் வந்த நாட்கள் தவிர, நாங்கள் பேசியதெல்லாம் வீடியோ காலில்தான். ஆகவே கடந்த புதன்கிழமை வந்ததுதான் அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம்.

2. அன்று நான் பிரசவப் பரிசோதனைக்காகத் தருமபுரி சென்றிருந்தேன். தபால்காரர் திரு. சின்னப்பன் கடிதத்தை என் மாமியார் மதலேனம்மாளிடம் கொடுத்தார். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. "நீங்களே படிங்கண்ணா" என்று அவர் சொன்னதுதான் தாமதம், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற அதே குரலில் தபால்காரர் வாசித்துவிட்டார். பக்கத்து வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். என் கணவர் என்னை மட்டும் அழைக்கும் செல்லப் பெயரை இம்மனுவில் எழுத இயலாது. எதிர்வீட்டு யுவராணி இப்போது குழாயடியில் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

3. படையிலிருந்து கடிதம் வந்தால் புனித அந்தோணியாரின் விண்ணப்பப் பெட்டியில் போட்டு, செவ்வாய் நவநாள் ஜெபம் முடிந்த பிறகு எடுப்பது எங்கள் ஊர் வழக்கமாம். ஊருக்குக் கடிதமே வராத இக்காலத்தில் எல்லோரும் அதை மறந்தாயிற்று, தபால்காரரைத் தவிர. நான் பஸ்சை விட்டு இறங்குவதற்குள் பெட்டியில் போட்டுவிட்டார். சாவி பங்குத்தந்தையிடம். அவர் தியானத்துக்குப் போயிருக்கிறார், செவ்வாய்தான் வருவார், போனும் எடுக்கவில்லை. பெட்டியின் கண்ணாடி வழியே உறைமேல் என் கணவர் கையெழுத்தில் என் பெயர் தெரிகிறது ஐயா! காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

4. கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதிலும் ஊரார் ஒத்துப்போகவில்லை. பிரசவத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறார் என்கிறாள் யுவராணி. லீவு இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார் என்கிறார்கள் மற்றவர்கள். "நல்லா இருக்கேன்" என்ற இடத்திலேயே மாமியார் அழ ஆரம்பித்துவிட்டதால் மீதி அவர் காதில் ஏறவில்லை. தபால்காரரைக் கேட்டால், "சந்தோசத்துல படிச்சனுங்க, இப்ப ஒண்ணும் நெனவு இல்லீங்க" என்கிறார். எனக்கோ எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிறாரா இல்லையா என்று தெரியாமல் நான் எப்படிப் பிரசவ அறைக்குள் போவேன்?

5. பூட்டைத் திறக்க 'மேலிடத்து உத்தரவு' வேண்டும் என்கிறார்கள் கோயில் நிர்வாகிகள். தாங்கள்தான் எனக்கு மேலிடம். இன்றே உத்தரவிட வேண்டுகிறேன். இனி என் கடிதங்களை என் கையில் மட்டுமே தரவும் அறிவுறுத்த வேண்டும். தபால்காரர் மீது நடவடிக்கை ஏதும் வேண்டாம், நல்ல மனிதர். இம்மனுவைத் தபாலில் போட்டால் எந்தப் பெட்டிக்குப் போகுமோ என்று பயந்து, என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

6. தாங்கள் இதைப் படிப்பதற்குள் செவ்வாயும் வந்து, கடிதமும் எனக்குக் கிடைத்துவிடலாம். அப்போதும் இம்மனுவை முடித்துவிடாதீர்கள் ஐயா. என் கணவர் கைக்குப் போன் எப்போது திரும்பி வருமோ தெரியாது. அதுவரை அவர் எழுதுவார். எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஆ. பிளசி

இடம்: சூசையப்பர் கொட்டாய்
நாள்: 16.05.2025