சுவரில் இல்லாத கோடு

அன்பு மகன் முனியராஜுக்கு அம்மா எழுதுவது.

நம் வீட்டுக்குள் தண்ணீரை விட்டது மழை இல்லை, உன் முதலாளி. வீட்டுக்குப் பின்னால் ஓடையை மறித்து அவர் எழுப்பிய பட்டாசுக் குடோன் சுவர்தான் விட்டது. இதை எழுதிய பிறகுதான் நலம் விசாரிக்க மனசு வருகிறது. அவர் பட்டாசு விற்க உன்னை அனுப்பிய நாக்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், போர்வை வாங்கினாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதற்குமேல் சுகம் என்று எழுதினால் பொய். பக்கத்து வீட்டுப் பாண்டிமீனாவின் போனிலிருந்து நாலு தடவை கூப்பிட்டேன், நாலு தடவையும் லோடு வந்திருக்கும்மா, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாய். தீபாவளி முடிந்து இத்தனை நாள் கழித்து என்ன லோடு என்று எனக்குத் தெரியாதா. அதனால்தான் கடிதம்.

தண்ணீர் புகுந்த அன்றைக்கு வீடியோ காலில் நீயே பார்த்தாய். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியும் தண்ணீர் அப்பாவின் முதுகைத் தொட்டது. வெடிவிபத்தில் கால் வெந்து நடக்க முடியாத மனுசன், எங்கே ஓடுவார். ஜன்னலுக்கு வெளியே குடோன் சுவரில் தண்ணீர் முட்டித் திரும்புவதைக் காட்டினேன், படம் எடுத்து வச்சுக்கிட்டேம்மா என்றாய். அதற்குள் போன் கை நழுவித் தண்ணீரில் போய்விட்டது. மறுநாள் வடிந்த பிறகு நான் செய்த காரியத்தைக் கேள். இருபத்திரண்டு வருஷம் மருந்து அறையில் வேலை பார்த்த கை இது. தரையில் ஒரு பொட்டு வெடிமருந்து கிடந்தாலும் காலில் உரசி ஆளைக் கொன்றுவிடும் என்று தினமும் கூட்டிக் கழுவி ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவோம். அந்தப் பழக்கத்தில் சேற்றை வழித்து, தரையைக் கழுவி, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் நார் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். பாண்டிமீனா சேற்றை அள்ளாமல் வாசலில் உட்கார்ந்துகொண்டு, என்ன மதினி, வெள்ளம் வந்த வீடா சடங்கு வீடா, அம்புட்டுப் பளபளங்குது என்று கேலி பண்ணினாள். உன்னை மாதிரி சோம்பேறியா நான் என்று திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளச் சேதம் கணக்கெடுக்க ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். பாண்டிமீனா வீட்டை எழுதினார். நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, நல்லாத்தான இருக்கு, இங்கன எங்கம்மா தண்ணி வந்துச்சு என்றார். ஏன் சார், அவ வீட்டுக்கு வந்த தண்ணி எங்க வீட்டத் தாண்டிக் குதிச்சா போச்சு என்று கேட்டேன். நான் பாத்தத்தானம்மா எழுத முடியும் என்று பாதிப்பு இல்லை எனப் போட்டுவிட்டுப் போனார். பட்டியலில் பேர் இருந்தால்தான் மேட்டுப் பக்கம் மாற்று வீடு. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு பஸ் மாறிப் போய் மனு கொடுத்தேன், இருபதாம் தேதிக்குள் ஆதாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குச் சுண்ணாம்புக்குக் கீழே தெரியாத வெடிப்பில் இப்போது என் விரல் நுழைகிறது. அப்பாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது, வேறு எங்கே போட. தூறல் விழுந்தாலே நான் எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்து நிற்கிறேன், என் கை தாங்கிவிடும் என்பது மாதிரி.

அன்றைக்கு நீ எடுத்த படம் ஒன்றுதான் ஆதாரம். அதில் குடோன் சுவர் இருக்கிறது, வெளியே வந்தால் உன் வேலை போகும், தெரியும். நானும் அவர் கம்பெனிக்குத்தான் போகிறேன், அப்பாவின் கால் வெந்ததும் அங்கேதான். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவன் பொளப்பக் கெடுக்காத, செவரு விளுந்தா விளட்டும் என்கிறார் அப்பா. சொல்லிவிட்டு அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

நோய் நொடி இல்லாமல், கை கால் பழுதில்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும். சரக்குக்குப் பக்கத்தில் போனைச் சார்ஜ் போடாதே, மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா மாடத்தி

இருபதாம் தேதிவரை பாண்டிமீனாவின் போன் என் கையில்தான் இருக்கும். அந்தப் படத்தை அனுப்பு, இல்லை அழித்துவிட்டேன் என்றாவது சொல்.