மச்சானுடைய குட்டைக் காம்பு

என் பக்கத்து வரிசை மச்சானுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். இருந்தாலும் கேட்கிறேன். இடுப்பு எப்படி இருக்கிறது? அங்கே போனவர்களுக்கு உடம்பே கிடையாது என்று பூசாரி சொல்கிறார். உடம்பு இல்லையென்றால் இடுப்பு இல்லை, இடுப்பு இல்லையென்றால் வலியும் இல்லை. அப்படிப் பார்த்தால் நம் இருவரில் முதலில் குணமானவன் நீதான். அதிலும் என்னை முந்திக்கொண்டாய்.

இன்று உன் வருஷத் திவசம். பாக்கியம் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறாள். நம் ஊர் கான் தெ மாஸ்க்கில் பாதிப் பேர் சாப்பிட வந்திருக்கிறார்கள். இலை போடுவதற்கு முன்னால் உன்னைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால் எழுதிக்கொண்டேன். எல்லார் முன்னாலும் வாசிக்கப் போவதால் நீ ஃப்ளாக் சந்தையில் செய்த கூத்தையெல்லாம் விட்டுவிட்டேன், பயப்படாதே.

ஒரு சேதி இருக்கிறது. அதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என் இடுப்பு வலி போய்விட்டது, மச்சான். அடியோடு போய்விட்டது என்று சொன்னால் முருகன் நாக்கை அறுத்துவிடுவான். மழைக்கு முன்னால் இடது பக்கப் பூட்டு இன்னும் கொஞ்சம் முனகுகிறது. ஆனால் கட்டிலை விட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பதில்லை. குனிந்து நானே கால் கழுவிக்கொள்கிறேன். கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரும் கை கொடுக்காமல் எழுந்து வருகிறேன்.

சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஆனாலும் முதல் தடவை அப்படி எழுந்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேடிய மருந்து அல்லவா? கிடைத்தபோது நீ இல்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

எதைத்தான் விட்டுவைத்தோம்? நொச்சி இலை ஒத்தடம், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், துணியில் சுற்றிய சுட்ட செங்கல். ஆசுபத்திரி டாக்டர் நம் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெபோ, ரெபோ" என்றார். ஓய்வெடுக்க வேண்டுமாம். வெளியே வந்து நீ கேட்டாயே, "நல்ல மருந்துதான் மச்சான், எந்தக் கடையில விக்குது?" என்று. வழி முழுக்கச் சிரித்தோம். சிரித்தால் இடுப்பில் குத்தும் என்பதால் நின்று நின்று சிரித்தோம்.

அப்புறம் அந்தக் கடற்கரைக் கூத்து. சுடுமணலில் இடுப்பு வரை புதைந்து கிடந்தால் வலி இறங்கும் என்று யாரோ சொல்லி, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனோம். உன்னை நான் புதைத்தேன். என்னைப் புதைக்க ஆளில்லாமல் நானே என் மேல் மணலை வாரிப் போட்டுக்கொண்டேன். சுகமாகத்தான் இருந்தது, தண்ணீர் ஏறத் தொடங்கும் வரை. வலை உலர்த்திக்கொண்டிருந்த கிரியோல்காரர், "பொனோம், பெரியவங்களே, எழும்புங்க, கடல் வருது!" என்று அவர் மொழியில் கத்தினார். இரண்டு கிழவர்களுக்கும் எழும்ப முடியவில்லை. படகை இழுப்பது போல நம்மை ஒவ்வொருவராகக் கக்கத்தில் கை கொடுத்து மேலே இழுத்துப் போட்டார், பாவம். மணல் எடுத்த வலியை வண்டியின் குலுக்கல் வீடு வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டது.

கடைசியில் முருகனிடம் போனோம். வலி போனால் இரண்டு பேரும் ஒன்றாகக் காவடி எடுக்கிறோம் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தோம். பாக்கியம் என்ன சொன்னாள், நினைவிருக்கிறதா? "வலியோட எடுத்தாதானே சாமிக்கு மனசு எறங்கும். போனப்பறம் எடுத்தா அவருக்கு என்ன வந்துது?" என்றாள். உன் பெண்டாட்டிக்கு எப்போதும் வாய் அதிகம். என் தங்கைதான், தெரியும்.

சரி, மருந்து எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன். நீ நம்ப மாட்டாய். என் பியோஷின் காம்பில் கிடைத்தது. நம் அப்பாக்கள் மம்பட்டி என்றார்கள், நாம் பியோஷ் என்று பழகிவிட்டோம்.

நீ போன பிறகு வந்த மழைக்காலத்தில், களை மும்முரமாக வளர்ந்து கிடந்த சமயம், என் பியோஷ் கல்லில் பட்டுக் காம்பு முறிந்தது. அளவெடுத்து அறுக்கப் பொறுமை இல்லை. வேலியோரத்துக் கொய்யாக் கொம்பு ஒன்றை வெட்டிச் சீவி, இருந்த நீளத்துக்கே இரும்பில் செருகிக்கொண்டு போனேன். தரையில் ஊன்றினால் என் மார்பு வரை வந்தது. பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன சின்னத்தம்பி, மிசியே தொர வீட்டுல பூச்செடி கொத்தப் போறியா?"

"இந்தக் காம்பு இருந்தா நின்னுக்கிட்டே தூங்கலாம் போலிருக்கே!"

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நாளைக்கு அறுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம், நம் இரண்டு நிலத்துக்கும் நடுவில் இருக்கிற கற்குவியலில் உட்கார்ந்து ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டு எழுந்து நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் "முருகா" என்று முனகாமல் எழுந்தது உறைத்தது. சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிப் போய் உட்கார்ந்து, இன்னொரு தடவை எழுந்து பார்த்தேன்.

அந்தக் காம்பை நான் அறுக்கவில்லை.

நம் காம்புகள் ஏன் அவ்வளவு குட்டையாக இருந்தன, யோசித்திருக்கிறாயா? முட்டிக்கு மேல் ஒரு சாண். உன் அப்பா அறுத்துக் கொடுத்த அளவு அது. கரும்பு எஸ்டேட்டில் நாம் பக்கத்துப் பக்கத்து வரிசையில் கொத்திய காலத்தில், வேலை வாங்குகிற சர்தார் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். வரிசை முடிவதற்குள் எவன் தலை உயர்ந்தாலும் பெயரைக் கூவி, அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்துத் திட்டுவான். காம்பு குட்டையாக இருந்தால் நிமிரத் தோன்றாது, திட்டும் விழாது. பிள்ளைகளைக் காப்பாற்ற அந்த மனிதருக்குத் தெரிந்த வழி அதுதான். பாசத்தில் அறுத்த காம்பு, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு எஸ்டேட் ஓரத்து நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், நாம் அடுத்தடுத்து வாங்கினோம். மண்ணை விடக் கல் அதிகம். பெரிய கல்லையெல்லாம் என்னைத் தொட விடாமல் நீயே தூக்கிக் குவித்தாய். உன் இடுப்பு பாதி போனது அங்கேதான். நிலம் நம்முடையது, கரும்பு நம்முடையது, காம்பு மட்டும் அதே அளவு. வரிசையைத் தொடங்கினால் முடிகிற வரை குனிந்த தலை நிமிராது. நம்மை யார் திட்டப் போகிறார்கள் என்று நாம் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

நீளக் காம்போடு நடு வரிசையில் முதல் தடவை நிமிர்ந்து நின்றேன். சட்டென்று மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரைத் தேடினேன் தெரியுமா? அந்த சர்தாரைத்தான். அவன் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. மேட்டில் ஓர் ஆடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த வெற்று மேட்டுக்குப் பயந்தா உன் இடுப்பை ஒடித்துக்கொண்டாய்?

இனிமேல் எழுதுவது கொஞ்சம் கஷ்டம். பாக்கியத்தைப் பற்றி.

நீ காய்ச்சலில் போனதும் வக்குவா பட்டணத்திலிருந்து உன் மகன் வந்து தன்னோடு கூப்பிட்டான். அவள் போகவில்லை. கருமாதி முடிந்த மறு வாரமே உன் பியோஷை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கிவிட்டாள். ஆள் வைத்துக் கொத்தலாம் என்றேன், கேட்கவில்லை. கொஞ்ச மாதத்தில் ஒரு காலை, ஒரு கையை இடுப்பில் வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு வரப்பில் ஓர் உருவம் வந்தது. அது உன் நடை, மச்சான். உன் நடையை அவள் நடந்து வந்தாள்.

அன்றே அவளுக்கும் ஒரு நீளக் காம்பு சீவி எடுத்துக்கொண்டு போனேன்.

"பாக்கியம், இத மாத்திக்கோ. கொஞ்ச நாள் கொத்திப் பாரு."

"எதுக்கு?"

"இடுப்புக்கு."

"எனக்கு இடுப்பு நல்லாத்தான் இருக்குது" என்று எழுந்தவள், பாதியிலேயே கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அண்ணே, அந்தக் காம்புல அவங்க கை தேஞ்ச எடம் இருக்குது. அங்க என் கைய வச்சா அவங்க கைய புடிச்ச மாதிரி இருக்குது. அதயா கழட்டிப் போடச் சொல்ற?"

கொண்டுபோன காம்பைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னால் கேட்பாள். நீதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாயே.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் விளக்குப் பூசை. தீபம் காட்டும்போது எல்லாரும் எழுந்தார்கள். பாக்கியத்தால் எழ முடியவில்லை. கையை ஊன்றினாள், மறுபடி ஊன்றினாள். இரண்டு பெண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான் கேட்டாள்.

"அண்ணே, அவங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுதா?"

"இதவிட."

"வலிக்குதும்பாங்க. இவ்ளோன்னு ஒரு நாளும் சொல்லலயே."

"என்கிட்டதான் சொல்வான். உன்கிட்ட சொன்னா அவனுக்குப் பதிலா நீ கொத்தக் கெளம்பிடுவன்னு பயந்தான்."

அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடசீல நான் அதத்தான் செஞ்சிருக்கேன், இல்ல?" என்றாள்.

மறுநாள் காலை உன் பியோஷோடு என் வாசலில் வந்து நின்றாள். "இரும்பு அப்படியே இருக்கட்டும். காம்ப மட்டும் மாத்து" என்றாள். தட்டிக் கழற்றுவதற்கு எனக்குக் கை வரவில்லை. அவளே கல்லை எடுத்துத் தட்டினாள். கழன்று விழுந்த காம்பைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று நிமிர்ந்து என்னிடம் அதை நீட்டினாள்.

"இத வச்சு உன் காவடிய கட்டு."

"என்ன காவடி?"

"வேண்டிக்கிட்டது மறந்து போச்சா? வலி போச்சு, வலி போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற. முருகனுக்கு மட்டும் காது கேக்காதுன்னு நெனச்சியா? அவங்களும்தானே வேண்டிக்கிட்டாங்க. தோள்ல படற கட்டையா இத வை. ரெண்டு பேர் காவடியும் ஒண்ணா போய்ச் சேரட்டும்."

மண் கொத்திய கட்டையைச் சாமிக்கு வைக்கலாமா என்று பூசாரியிடம் போய்க் கேட்டேன். "மண்ணும் அவரோடதுதானே. நல்லா கழுவி மஞ்சள் தடவு" என்று சொல்லிவிட்டார். இப்போது அது என் வீட்டுச் சாமிப் படத்தடியில் மஞ்சளும் குங்குமமுமாக இருக்கிறது. அறுத்துக் கொடுத்த உன் அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ?

பாக்கியத்துக்கு வலி இன்னும் முழுக்கப் போகவில்லை. ஆனால் காலை இழுப்பது நின்றுவிட்டது. முதல் நாள் நீளக் காம்பைப் பிடித்து நடு வரிசையில் நிமிர்ந்தவள், என்னைப் போலவே மேட்டைத்தான் பார்த்தாள். அவளும் எஸ்டேட்டில் கொத்தியவள்தானே.

"நின்னா யாராச்சும் பாப்பாங்களோ, அண்ணே?"

"ஆடு பாக்கும். நில்லு."

நின்றாள். எதிர்மலையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், நீ குவித்த கற்களைப் பார்த்தாள். பிறகு போய் அதன் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நீ அத்தனை கல்லையும் தூக்கியது அவள் உட்கார்வதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

பாக்கியம் கூப்பிடுகிறாள், சோறு ஆறுகிறதாம். முடித்துக்கொள்கிறேன். உனக்கு இரண்டு வாக்குத் தருகிறேன், இங்கே இருக்கிற அத்தனை பேரும் சாட்சி. என் கண் முன்னால் பாக்கியம் இனி ஒரு வரிசையையும் தலை நிமிராமல் முடிக்க மாட்டாள், அது ஒன்று. வருகிற தைப்பூசத்துக்கு உன் காம்பு என் தோளில் ஏறும், அது இன்னொன்று. உன் கை தேய்ந்த இடம் என் தோளில் பதியும்படி கட்டச் சொல்லியிருக்கிறாள். குனிந்தே கரும்பு சுமந்தோம், குனிந்தே கல் சுமந்தோம். இதைக் குனிந்து சுமக்க முடியாது, மச்சான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து நிமிர்ந்து நின்று தூக்கப் போகிற முதல் சுமை இதுதான்.

உன் பாக்கியத்தின் அண்ணன்,
என்றைக்கும் உன் பக்கத்து வரிசையில் நிற்கிற மச்சான்,
சின்னத்தம்பி