அக்கா முழுகாமல் இருக்கிறாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா?

போன செவ்வாய் அஜந்தா அக்கா, "நிரோ, நான் முழுகாமல் இருக்கிறன்" என்றாள். "ஏன், ஷவர் பழுதோ?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கர்ப்பத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகுதான் உறைத்தது. எதிர்பாராத பிள்ளை, அம்மா. அத்தானுக்கு டோர்வல் விமான நிலைய வேலை போய் இரண்டு மாதமாகிறது.

கிளினிக்கில் அக்காவுக்காகப் பிரெஞ்சு பேசியது நான்தான். முதல்தடவையாக ஒரு சொல்லையும் திரிக்காமல் மொழிபெயர்த்தேன். பெறலாம், நிறுத்தலாம், வேறு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். எதற்கும் காசு கட்டத் தேவையில்லை என்றார் தாதி. பெற்றால் பால், முட்டைக்கு உதவி உண்டாம். "உங்கள் விருப்பம் என்ன?" என்று அவர் கேட்டபோது அக்கா, "அம்மா என்ன சொல்லுவாவோ தெரியேல்லை" என்றாள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

"நீ எழுது. உன்ர பகிடியோட எண்டா அம்மா அழமாட்டா" என்கிறாள். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் திரும்பவும் தாதியிடம் போகிறாள். அதற்கு முன் அவளுக்கு ஒரு போன் எடுங்கள். பெறு என்றோ வேண்டாம் என்றோ சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். சித்தி இங்கே வரும்போது உங்கள் கறித்தூள் கொடுத்துவிடுங்கள். கடைத்தூள் அவளுக்குக் குமட்டுகிறது, எனக்கும் பிடிப்பதில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அக்கா முழுகாமல் இருக்கிறாள், அம்மா. மூழ்காமல் இருக்க உங்கள் குரல் வேண்டும்.

உங்கள் வாயாடி,
நிரோஜா