கோலுக்குப் பின்னால் நின்று பார்த்த ஆட்டம்

அம்மா,

இன்று காலை கடையில் ஒரேஞ்ச் என்று எழுதியிருந்த தோடம்பழப் பெட்டி ஒன்றை உடைத்தேன். அட்டையைக் கிழித்ததும் வந்த மணத்தில் நான் இலண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்குள் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. இடைவேளைக்கு நீங்கள் வெட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவரும் துண்டுகள்தான் நினைவுக்கு வந்தன. அதோடு ஈரப் புல்லின் மணமும் விளையாடுகிறவர்கள் காலில் பூசும் எண்ணெயின் நெடியும் சேர்ந்தே வந்தன. "என்ன பிள்ளை, பழம் பழுதோ?" என்று முதலாளி கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அடுக்கத் தொடங்கினேன். மத்தியானம் வரைக்கும் அடுக்கினேன். இப்போதெல்லாம் எந்த வேலையும் முடிய நேரம் எடுக்கிறது.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊர்க் கல்லூரியின் இலண்டன் பழைய மாணவர் சங்கம் இந்த வருடம் உங்கள் நினைவாக ஒரு கிண்ணம் கொடுக்கப் போகிறது. உதைபந்தாட்டப் போட்டியில் கூடுதலான கோல் அடித்தவருக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள். நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்களா, ஏசியிருப்பீர்களா என்று இரண்டு கிழமையாக யோசிக்கிறேன். முதலில் சிரித்து, பிறகு ஏசியிருப்பீர்கள் என்றுதான் படுகிறது.

நீங்கள் அந்தக் கல்லூரியில் படித்தவர் இல்லை. அது ஆண்கள் கல்லூரி. உங்கள் வீட்டு மதில் அதன் விளையாட்டுத் திடலோடு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். மதிலுக்கு மேலால் பார்த்தால் ஒரு பக்கத்துக் கோல் மட்டும் தெரியும். மற்றப் பக்கத்தை மரங்கள் மறைத்துவிடும். "நான் பாதி ஆட்டம் பாத்து வளந்தனான்" என்று சொல்வீர்கள். மறைந்த பக்கத்தில் யார் கோல் அடித்தார்கள் என்பது சத்தத்தில்தான் தெரியும். கண்ணுக்கு முன்னால் நின்றவர்கள் கோலியும், அவனுக்கு முன்னால் தடுத்து நிற்கும் பெக் ஆட்டக்காரர்களும். அவர்கள் எப்போது முன்னுக்கு வருகிறார்கள், எப்போது பின்னுக்குப் போகிறார்கள், எவன் எவனைப் பார்த்துக் கத்துகிறான் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடம். கோல் அடித்தவனை நீங்கள் ஒருநாளும் பெரிய ஆளாக நினைக்காததன் காரணம் அந்த மரங்கள்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இலண்டனில் பழைய மாணவர்கள் விளையாடும் திடலில் மறைப்பதற்கு மரம் இல்லை. ஆனாலும் மற்ற அன்ரிமார் எல்லோரும் நடுக்கோட்டுப் பக்கம் கம்பளம் விரித்து ரோல்ஸும் தேத்தண்ணியுமாக இருக்க, நீங்கள் மடக்குக் கதிரையைக் கொண்டுபோய் எங்கள் கோலுக்குப் பின்னால் போடுவீர்கள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால் நீங்களும் மாறுவீர்கள். கதிரை என் கையில், தோடம்பழ டப்பா உங்கள் கையில். அந்தப் பெரிய திடலைச் சுற்றி எல்லோரும் பார்க்க நாங்கள் இருவரும் நடப்போம். எனக்கு வெட்கத்தில் காது சுடும். "சிவராசா மிஸிஸ் மதில் மாறுறா" என்று யாரோ பகிடி பண்ணினால், "ஓம், இஞ்ச மதிலைக் கையில கொண்டு திரியலாம்" என்று நடந்துகொண்டே சொல்வீர்கள்.

சங்கத்தின் விதி எல்லோருக்கும் தெரியும்: கல்லூரியில் படித்தவர்கள் மட்டும்தான் விளையாடலாம். ஆனால் வருடம் போகப் போகப் படித்தவர்களுக்கு வயிறு வைத்துவிட்டது. மற்றக் கல்லூரிகள் எங்கிருந்தோ இளம் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கின. எங்கள் ஆட்களும் சுதனைக் கொண்டுவந்தார்கள். கொழும்பில் பெரிய கழகம் ஒன்றுக்கு விளையாடியவன். எங்கள் கல்லூரியில் எந்த வகுப்புவரை படித்தவன் என்று நீங்கள் கேட்டபோது செயலாளர் அங்கிள் தலையைச் சொறிந்தார்.

"ஆறாம் வகுப்பில ரெண்டு மாசம் இருந்தவன் அக்கா. பிறகு இடம்பெயர்ந்து போட்டினம்."

"ரெண்டு மாசம் இருந்தவன் பழைய மாணவன் எண்டால், மதிலுக்கு இந்தப் பக்கம் பதினெட்டு வருசம் இருந்த நான் ஆர்?"

அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. சுதன் மேல் உங்களுக்குக் கோபம் இல்லை. பசிக்கிறதா என்று கேட்டு அவனுக்கும் டப்பாவை நீட்டினீர்கள். உங்கள் கவலை வேறு. அவனைச் சேர்ப்பதற்காகச் சிவலிங்கம் அண்ணையை நிறுத்திவிட்டார்கள். பனியிலும் மழையிலும் பயிற்சிக்கு ஒழுங்காக வந்த மனிதர். அன்று முழுக்க அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியில இருந்து ஆள் எடுக்கிறது பிழையில்லை. ஆனால் எடுக்கேக்க ஆரை விடுறம் எண்டு அந்தாளின்ர முகத்தைப் பாத்துச் சொல்லோணும்" என்றீர்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் பெயர் வாசிக்கப்படாததை வைத்து அவராகத்தான் விளங்கிக்கொண்டார்.

கோச் அங்கிளைப் பற்றி உங்கள் கருத்தை நான் வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் கணக்காளர். திடலின் பக்கக் கோட்டோரமாக ஓடி ஓடி "அடி! அடி!" என்று மட்டும் கத்துவார். பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவரும் இருப்பார். "பந்து இருக்கிற இடம் குருடனுக்கும் சத்தத்தில தெரியும். கோச் பாக்க வேண்டியது பந்து இல்லாத இடத்தை" என்று என் காதுக்குள் சொல்வீர்கள். களைத்தவனை வெளியே எடுக்க மாட்டார், பிழைவிட்டவனை உடனே எடுத்துவிடுவார் என்பது உங்கள் அடுத்த குறை. பிழைவிட்டவன் அதைத் திருத்துவதற்கு உள்ளே நிற்க வேண்டும் என்பீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்தக் காலத்தில்தான். பதினாறு வயதுச் சோதனை முடிந்ததும் மேலே படிக்கப் போகவில்லை. உங்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது என்று எல்லோருக்கும் காரணம் சொன்னோம். அது உண்மைதான். வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் எனக்கும் மூச்சு முட்டும் என்பதும் உண்மை. அதை உங்களுக்கு நான் சொன்னதில்லை, நீங்கள் கேட்டதுமில்லை. திடலில் ஆட்கள் "பிள்ளை எந்தக் கொலிஜ் போறா?" என்று கேட்டால், "இவள் எங்கட கொலிஜ்" என்று திடலைக் காட்டிவிட்டு வேறு கதைக்குப் போவீர்கள்.

கடைசி வருடம் உங்களால் திடலைச் சுற்றி நடக்க முடியவில்லை. அப்பா தான் இரவில் வாடகைக்கு ஓட்டும் மினிகாப்பைத் தரிப்பிடத்தின் ஓரத்தில் நிறுத்துவார். நிறுத்தியதும் சீற்றைச் சாய்த்து நித்திரையாகிவிடுவார். கோல் விழுந்தால் எழுப்பச் சொல்வார், எழுப்பினால் கோபிப்பார். காரிலிருந்து ஒரு பக்கத்துக் கோல் மட்டும்தான் தெரிந்தது. "பாத்தியே, திரும்பவும் பாதி ஆட்டம்" என்றீர்கள். மற்றப் பாதிக்கு என்னை அனுப்பினீர்கள்.

முதல்நாள் நான் வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பந்து இவரிடம் வந்தது, அவர் அங்கே அடித்தார், பிறகு வெளியே போயிற்று என்று சொல்லிக்கொண்டு போனேன். கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

"உது ரேடியோவிலயும் சொல்லுவினம். பாலன் எங்க நிண்டவன்? அதைச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. நான் பந்தைத்தான் பார்த்திருந்தேன். அடுத்த ஆட்டத்தில் பாலன் அண்ணையை மட்டும் பார்த்தேன். எங்கள் அணியின் இடது பக்கத்துப் பெக் அவர். மெலிந்த, சத்தமில்லாத மனிதர். ஆட்டம் முழுக்க ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு ஒரு ஆட்டமாகத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன். அவர் கையால் காட்டி மற்றவர்களை நகர்த்துகிறார். பந்து தூரத்தில் இருக்கும்போதே பின்னுக்கு நடக்கிறார். கோலி முன்னுக்கு ஓடிவந்தால் இவர் கோலுக்குள் போய் நிற்கிறார். இதையெல்லாம் காரின் கண்ணாடியை இறக்கிவைத்து நீங்கள் கேட்பீர்கள். நான் ஒருவருக்கும் முன்னால் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை. நீங்களும் குறுக்கே கதைக்காமல் கேட்டது அதற்கு மட்டும்தான்.

இறுதி ஆட்டத்தில் எங்கள் கல்லூரி வென்றது. சுதன் இரண்டு கோல் அடித்தான். சிறந்த ஆட்டக்காரருக்கான கிண்ணத்தை ஒலிவாங்கியில் அறிவிக்கும் முன்பே அவன் மேடைப் பக்கம் நடந்துவிட்டான். அதில் பிழை சொல்ல முடியாது. கோல் அடித்தவனைத் தவிர வேறு யாருக்கும் அதைக் கொடுத்ததை அவனும் கண்டதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் விழித்து, என்ன ஏது என்று தெரியாமல் கை தட்டினார்.

பாலன் அண்ணை வழக்கம்போல் தோடம்பழத்துக்குக் கார் அருகே வந்தார். நீங்கள் டப்பாவைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தீர்கள்.

"தம்பி, ரெண்டாவது பாதியில அவங்கட கட்டைப் பொடியன் தனிய வந்தவன். நீர் அவனிட்டப் போகேல்லை. ஏன்?"

அவர் கொஞ்சம் திகைத்தார். "அவன் அடிக்க மாட்டான் எண்டு தெரியும் அன்ரி. மற்றவனுக்குத்தான் குடுப்பான். அதான் நடுவில நிண்டனான்."

"அதுதான் ஆட்டம். உதுக்குத்தான் கப் குடுக்கோணும்."

"அது அந்தப் பக்கத்துக் கோலில நடந்தது அன்ரி. நீங்கள் காருக்குள்ளயெல்லோ இருந்தனீங்கள்?"

"இவள் பாத்தவள்" என்றீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். "நான் அப்பிடி நிண்டதை ஒருத்தரும் காணேல்லை எண்டு நினைச்சனான்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் டப்பாவைக் கொடுத்தீர்கள். கொடுக்கும்போது, முதல் பாதியில் ஒருமுறை தேவையில்லாமல் முன்னுக்கு ஓடியதற்கு ஏச்சும் கொடுத்தீர்கள்.

மார்கழியில் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. செத்த வீட்டுக்கு அணி முழுவதும் வந்தது. மண்டபத்தின் பின்சுவரோடு பெக் ஆட்டக்காரர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். வரிசை நேராக இருந்தது அம்மா. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று திரும்பியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

செயலாளர் அங்கிள் கடைக்கு வந்தது இரண்டு கிழமைக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை. வரிசையில் சனம் நின்றது. கல்லாவில் நான்.

"பிள்ளை, அம்மான்ர நினைவா ஒரு கப் குடுக்கப் போறம். கூடக் கோல் அடிச்சவருக்கு. அப்பா ஓம் எண்டிட்டார். அம்மான்ர முழுப்பேர் மட்டும் வேணும். அப்பா சொன்னவர், நான் மறந்துபோனன். நாங்கள் எல்லாம் சிவராசா மிஸிஸ் எண்டுதானே பழக்கம்."

உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு "சரி அங்கிள்" என்றால் போதும். நான் எல்லோருக்கும் சொல்வது அதுதான். எனக்குக் களைப்பாகவும் இருந்தது. வீட்டில் சமைக்க வேண்டும், அப்பாவின் சேட்டுகளைத் தோய்க்க வேண்டும், உங்கள் உடுப்பு அலுமாரி இன்னும் திறக்காமல் இருக்கிறது. ஒரு கிண்ணத்துக்காக வாய் திறக்க வேண்டுமா என்றிருந்தது. அவர் பேனாவோடு காத்துக்கொண்டு நின்றார்.

"கோல் அடிச்சவருக்கு எண்டால் அம்மான்ர பேர் வேண்டாம் அங்கிள்."

"பின்ன ஆருக்கு?"

"பெக்குக்கு."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "கோல் எண்டால் எண்ணலாம் பிள்ளை, சண்டை வராது. பெக்கில ஆர் திறம் எண்டு என்னெண்டு சொல்லுறது? ஆர் அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

வரிசையில் முதலாவதாக நின்ற பெண் தேங்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். என் காது சுட்டது.

"நான் பாத்துச் சொல்லுறன்" என்றேன்.

"நீரோ?"

"ஓம். நான்தானே பாத்தனான்."

அவர் பேனாவைச் சேட்டுப் பையில் செருகினார். கமிட்டியோடு கதைக்கிறேன் என்று போனார். நேற்று அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். இந்த வருடம் மட்டும் செய்து பார்க்கலாமாம். கோச் அங்கிள், "அந்தப் பிள்ளை வாய் திறந்து கதைக்குமோ?" என்று கேட்டாராம். பெயரையும் காரணத்தையும் ஒலிவாங்கியில் நான்தான் சொல்ல வேண்டுமாம். அப்பா எனக்குச் சொல்லிவிட்டு, உன்னால் ஏலுமா என்று கேட்கவில்லை. "நான் அண்டைக்கு நித்திரை கொள்ள மாட்டன்" என்று மட்டும் சொன்னார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டி. பாலன் அண்ணைக்குத்தான் கொடுக்கப் போகிறேன் என்று முடிவெடுத்துக்கொண்டு போகவில்லை. மற்றக் கல்லூரியில் நல்ல பெக் இருந்தால் அவனுக்குத்தான். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

எனக்கு உங்கள் குரல் வரவில்லை அம்மா, உங்கள் பகிடியும் வரவில்லை. பந்து இல்லாத இடத்தைப் பார்க்கும் கண் மட்டும் வந்திருக்கிறது. ரயிலில் இருந்தாலும் கடையில் நின்றாலும் சத்தம் போடுகிறவனை விட்டுவிட்டு, அவனுக்குப் பின்னால் சும்மா நிற்கிற ஆளைத்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துவிடுவேன். ஒலிவாங்கியில் சொல்லவும் எப்படியோ சொல்லிவிடுவேன். ஆனால் பெயரும் காரணமும் இரண்டு வசனம்தான். மிச்சம் முழுவதும், அவன் எங்கே நின்றான், எப்போது திரும்பினான் என்பதெல்லாம், கேட்க ஆள் இல்லாமல் என்னிடமே இருந்துவிடும்.